நட்சத்திரங்களைப் படம் பிடிக்கும் கலை

வியாபாரிகளாகிய நமக்கு வானத்து நட்சத்திரங்களோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று சகோதரர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. விடியற்காலையில் கடையைத் திறந்து இரவு பத்து மணிக்குக் கல்லாவை எண்ணிப் பூட்டுகிறவனுக்கு, பிறை பார்க்கும் நாட்களைத் தவிர, தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்க்க அவகாசம் ஏது? நாமும் நாற்பது வயது வரையில் அப்படித்தான் இருந்தோம். மதரஸாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் நமது படிப்பு முடிந்தது. ஆகையால் இக்கட்டுரையில் பெரிய கணிதம் எதுவும் வராது. தராசும் சாக்கும் தெரிந்தவருக்கு விளங்கும்படி எழுத முயல்கிறோம்.

இந்த விஷயம் நம்மிடம் வந்து சேர்ந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். அதில் நமது பிழையும் அடங்கியிருக்கிறது.

நமது ராத்தாவின் மகன் தஞ்சோங் மாலிமில் நம்மோடு இருந்து கடையைக் கவனிக்கிறான். வயது பத்தொன்பது. வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் சில மாதங்களாகக் கடை சாத்தியதும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுப் போய் இரவு இரண்டு மணிக்குத் திரும்புவதை வழக்கமாக்கிக் கொண்டான். தெருவில் இரண்டொருவர் ஜாடையாகப் பேசவும் தொடங்கினார்கள். கேட்டால், "படம் பிடிக்கப் போறேன் மாமா" என்பான். "இருட்டில் என்னடா படம்?" என்று நாம் அதட்டினோம். கூடா நட்பு என்று தீர்மானித்துக் கடுஞ்சொல்லும் சொன்னோம். அவன் பதில் பேசவில்லை. போவதையும் நிறுத்தவில்லை.

பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் இரவு, காரை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனோம். பேராங் போகும் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை ஓரமாக, நமது கடையின் பழைய அரிசிச் சாக்கை விரித்து அவன் தனியே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மூன்று கால் தாங்கியின் மேல் ஒரு பழைய காமிரா மேல்நோக்கி நின்று, தானாகவே 'டிக் டிக்' என்று படம் எடுத்துக் கொண்டிருந்தது. நம்மைக் கண்டு அவன் திடுக்கிடவில்லை. "வாங்க மாமா, காரு லைட்டை மட்டும் அணைச்சிருங்க" என்றான்.

அணைத்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. இருபது நிமிஷம் கழித்துக் கண் இருட்டுக்குப் பழகியதும், வானம் முழுவதும் நிறைந்து நின்றது. சொல்ல வந்த வார்த்தை நமக்கு மறந்து போயிற்று.

அரபுப் பெயர்கள்

பையன் ஒரு செந்நிற நட்சத்திரத்தைக் காட்டி, "அது அல்டெபரான்" என்றான். நமக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அது 'அத்தபரான்' என்னும் அரபுச் சொல். பின்தொடர்ந்து வருவது என்று பொருள். எதைப் பின்தொடர்கிறது? 'ஸுரையா' என்று அரபியிலும் கார்த்திகை என்று தமிழிலும் வழங்கும் சிறு கூட்டத்தை. 'ரைஜல்' என்று அவன் சொன்னது 'ரிஜ்ல்', அதாவது கால். 'டெனெப்' என்பது 'தனப்', வால். 'போமல்ஹாட்' என்பது 'பமுல் ஹூத்', மீனின் வாய். அவன் இங்கிலீஷ் என்று படித்து வைத்திருந்த பெயர்களுக்கெல்லாம் நாம் பொருள் சொல்லச் சொல்ல, அவன் வாயைப் பிளந்து கேட்டான். மாமனுக்கும் மருமகனுக்கும் இடையில் பல மாதங்களாக இருந்த மனத்தாங்கல் அந்தச் சாக்கின் மேலேயே தீர்ந்தது.

இப்பெயர்களைப் போற்றிக் காத்தவர்களுள் முக்கியமானவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி (903-986). பாரசீகத்து ரை நகரில் பிறந்து, இஸ்பஹான் நகரில் வானத்தை ஆராய்ந்தவர். 964-ஆம் ஆண்டு அளவில் நிலை நட்சத்திரங்களைப் பற்றி அவர் இயற்றிய நூலில், இன்று ஆண்ட்ரோமிடா என்று சொல்லும் இடத்தில் ஒரு சிறு மேகம் போன்ற ஒளி இருப்பதாகக் குறித்தார். தொலைநோக்கி தோன்றுவதற்கு 600 ஆண்டுகளுக்கு முன்னர், வெறுங்கண்ணால் கண்டு எழுதிய குறிப்பு அது. அந்த மேகம் உண்மையில் என்ன என்பது உலகத்துக்குத் தெரிய 1920-களில்தான் முடிந்தது. தெரிவித்தது போட்டோ.

படம் பிடிக்கத் தக்கவை மூன்று வகை

முதலாவது நட்சத்திரக் கூட்டம். ஒரே இடத்தில் பிறந்து ஒன்றாகவே இருக்கும் நட்சத்திரங்கள் இவை. கார்த்திகை இவ்வகை, சுமார் 440 ஒளி வருஷத் தூரத்தில் இருக்கிறது. ஒளி ஒரு வருஷத்தில் கடக்கும் தூரம் ஒரு ஒளி வருஷம். அது ஏறத்தாழ ஒன்பதரை லட்சம் கோடி கிலோமீட்டர்.

இரண்டாவது நெபுலா என்னும் ஒளிமேகம். வாயுவும் தூசியும் திரண்ட திரள் இது. ஓரியன் மண்டலத்தில், இடுப்புப் பட்டை போல் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதற்குப் பக்கத்தில் வாள் தொங்குவது போன்ற இடத்தில் உள்ள மங்கலான ஒளி, 1,300 ஒளி வருஷத்துக்குச் சற்று அப்பால் உள்ள ஒளிமேகம். அதனுள் இன்றும் புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன.

மூன்றாவது காலக்ஸி என்னும் மாபெரும் நட்சத்திர மண்டலம். நமது சூரியனும் அப்படிப்பட்ட ஒரு மண்டலத்தில் ஒரு துளி. அஸ்ஸூபி கண்ட சிறு மேகம் வேறொரு மண்டலம். தூரம் சுமார் 25 லட்சம் ஒளி வருஷம். இன்று நமது காமிராவில் விழும் ஒளி, 25 லட்சம் வருஷங்களுக்கு முன் அங்கிருந்து புறப்பட்ட சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்ணால் முடியாததைப் போட்டோ செய்வது எப்படி?

நமது கண், வரும் ஒளியை அந்தக் கணமே செலவழித்துவிடுகிறது, மிச்சம் பிடிப்பதில்லை. காமிராவோ சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கிறது. தினமும் உண்டியலில் ஒரு காசு போடுகிறவனும், கையில் வந்ததை அன்றே செலவழிக்கிறவனும் போல என்று கொள்க. அரை மணி நேரம் சேர்த்த ஒளியில், கண் ஒரு நாளும் காணாதது தெரியும்.

இந்த வழியில் முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர். 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று ஓரியன் ஒளிமேகத்தை 51 நிமிஷம் திறந்து வைத்துப் படம் எடுத்தார். 1888-இல் இங்கிலாந்தில் ஐசக் ராபர்ட்ஸ் என்பவர் ஆண்ட்ரோமிடாவைப் படம் எடுத்து, அது சுழல் வடிவமானது என்று காட்டினார். 1923-ஆம் ஆண்டு அக்டோபரில் எட்வின் ஹபிள், மவுண்ட் வில்சன் மலையில் 100 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த கண்ணாடித் தட்டில், ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதை அளவுகோலாகக் கொண்டு, அந்த மேகம் நமது மண்டலத்துக்கு வெகு அப்பால் உள்ளது என்று நிரூபித்தார்.

ஒரு நவாப் வாங்கிய தொலைநோக்கி

இவையெல்லாம் மேல்நாட்டார் காரியம் என்று எண்ண வேண்டாம். ஹைதராபாத்தில் நவாப் ஜபர் ஜங் என்னும் செல்வந்தர், 1901-ஆம் ஆண்டில் 15 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்துத் தம் சொந்த நிலத்தில் வானாராய்ச்சி நிலையம் தொடங்கினார். அவர் காலமான பின் 1908-இல் நிஜாம் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அதுவே நிஜாமியா வானாராய்ச்சி நிலையம்.

1887-இல் பாரிஸ் நகரில் கூடிய நிபுணர்கள், வானம் முழுவதையும் துண்டு துண்டாகப் பிரித்து, பல தேசத்து நிலையங்கள் ஆளுக்கொரு பகுதியைப் படம் எடுத்துத் தர வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். தென்வானத்தில் 17 பாகை முதல் 23 பாகை வரையுள்ள பட்டை ஹைதராபாத்தின் பங்குக்கு வந்தது. 8 அங்குலப் படக் கருவியைக் கொண்டு கண்ணாடித் தட்டுகளில் படம் எடுத்து, ஒவ்வொரு புள்ளியையும் அளந்து, அட்டவணை எழுதினார்கள். பின்னர் வடவானத்தில் இன்னொரு பட்டையையும் முடித்துக் கொடுத்தார்கள். மொத்தம் 12 தொகுதிகள். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள். இந்த நிலையத்துக்கு 1918 முதல் 1944 வரை டி. பி. பாஸ்கரனும், அவருக்குப் பின் 1960 வரை அக்பர் அலியும் தலைமை வகித்தார்கள். வானத்திலேயே மிகப் பிரகாசமான ஷிஃரா நட்சத்திரத்துக்குத் தெற்கே நான்கு பாகை தள்ளி ஓர் அழகிய கூட்டம் இருக்கிறது. அது ஹைதராபாத்தார் அளந்த பட்டைக்குள் அடங்கியது. நமது ஊரிலிருந்தும் அதைப் படம் பிடிக்கலாம்.

அந்த நிலையத்தில் உதவியாளராக வேலை பார்த்த ஒருவரின் மகன்தான் வேணு பாப்பு. 1927-இல் சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர். ஹைதராபாத் அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலைக்குப் போனார். 1949-ஆம் ஆண்டு ஜூலையில் அங்கே எடுத்த வானப் படத் தட்டு ஒன்றில் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். போக், நியூகிர்க் என்னும் இருவர் பெயரோடு சேர்த்து இவர் பெயரும் அதற்கு இடப்பட்டது. 1960-இல் கோடைக்கானல் நிலையத்துக்குத் தலைவரானார். கோடைக்கானல் சூரியனை ஆராயத் தக்க இடம். இரவு வேலைக்கு வேறு இடம் வேண்டும் என்று தேடி, ஜவ்வாது மலையில் உள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1960-களின் இறுதியில் 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கியோடு அங்கு வேலை தொடங்கிற்று. 1972-இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி வந்தது. 2.34 மீட்டர் அகலமுள்ள பெரிய தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடில்லை, 1982-இல் காலமாகிவிட்டார். நிலையமும் தொலைநோக்கியும் அவர் பெயரைத் தாங்குகின்றன. 1988-இல் காவலூரில் எடுத்த படங்களில் ஒரு சிறு கிரகம் அகப்பட்டது. அதற்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் வைக்கப்பட்டது.

ஒருவர் தம் பணத்தில் ஒரு கருவி வாங்கினார். வேறொருவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய பிள்ளை அக்கருவியைப் பார்த்து வளர்ந்தது. காவலூர் மலையில் பெரிய தொலைநோக்கி திறந்தபோது நவாப் கருவி வாங்கி 85 வருஷங்கள் ஆகியிருந்தன. இப்படிப்பட்ட முதலீட்டுக்கு லாபக் கணக்கு எழுத நமது பேரேட்டில் பக்கம் போதாது.

செய்முறை

இனி, மருமகனிடமிருந்து நாம் கற்றதை வரிசையாகச் சொல்கிறோம்.

ஒன்று: திறப்பு நேரத்தைக் கையால் நிர்ணயிக்கக் கூடிய காமிரா வேண்டும். பழையதே போதும். அசையாத மூன்று கால் தாங்கியும், கை படாமல் படம் எடுக்கும் விசையும் வேண்டும்.

இரண்டு: பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஆகவே அதிக நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடும். இதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. 500-ஐ லென்ஸின் குவிய தூர மில்லிமீட்டரால் வகுத்தால் வருவது செகண்டு. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 10 செகண்டு. காமிராவின் உள்தகடு சிறிய வகையாக இருந்தால் 6 செகண்டுக்கு மேல் போகக் கூடாது.

மூன்று: குவியத்தைத் தானியங்கியில் விடலாகாது. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரையில் கையால் திருப்ப வேண்டும்.

நான்கு: ஒரே படத்தில் திருப்தி அடையாமல் நூற்றுக்கணக்கில் எடுக்க வேண்டும். ஏன்? ஆடுகிற தராசில் ஒரு மூட்டையை ஒரு தரம் நிறுத்தால் எடை முன்பின்னாகக் காட்டும். நூறு தரம் நிறுத்துச் சராசரி எடுத்தால் பிழை பத்தில் ஒரு பங்காகக் குறையும். படமும் அப்படியே. பையன் அன்றிரவு ஆறு செகண்டு வீதம் 256 படங்கள் எடுத்தான். மொத்தம் சுமார் இருபத்தைந்தரை நிமிஷம். கம்ப்யூட்டரில் நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரம் பொருந்தும்படி அவற்றை அடுக்கிச் சராசரி எடுத்தபோது, படத்தில் இருந்த மணல் போன்ற பிசிறு பதினாறில் ஒரு பங்காகிவிட்டது. இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஐந்து: வேலை முடிந்ததும் காமிராவை மூடியால் மூடி, அதே செகண்டு அளவில் இருபது முப்பது படங்கள் எடுக்க வேண்டும். இதைக் கேட்டு நாம் சிரித்தோம். பிறகு விளங்கிற்று. வெற்றுச் சாக்கின் எடையைக் கழிக்காமல் சரக்கின் எடை தெரியுமா? காமிரா தானாக உண்டாக்கும் கறை இந்த இருட்டுப் படங்களில் விழும். அதைக் கழித்தால் வானத்தின் சரக்கு மட்டும் நிற்கும்.

ஆறு: பனி ஈரம் லென்ஸில் படியாமல் அடிக்கடி பார்க்க வேண்டும். வீடு திரும்பியதும், சரக்குப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் காமிராவோடு போட்டு மூட வேண்டும். நமது நாட்டுச் சீதோஷ்ணத்தில் இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும்.

ஏழு: தோட்டத்துக்குத் தனியே போகலாகாது. காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போவதே முறை.

நமது ஊரின் சௌகரியமும் குறையும்

தஞ்சோங் மாலிம் பூமத்திய ரேகைக்கு நான்கு பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஆகவே வடவானம், தென்வானம் இரண்டும் நமக்கு உண்டு. லண்டன்காரர் ஒரு நாளும் காணாத ஒமேகா சென்டாரி என்னும் மாபெரும் உருண்டைக் கூட்டம், சுமார் ஒரு கோடி நட்சத்திரம் கொண்டது, மே மாதத்தில் இரவு பதினொரு மணி அளவில் நமக்குத் தெற்கே நன்றாக உயர்ந்து நிற்கும். பிப்ரவரி நடுவில் ஒன்பது மணிக்கு மேல் ஓரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் வரும்.

குறையும் உண்டு. துருவ நட்சத்திரம் வடக்கே மரங்களுக்குக் கீழ் மறைந்துவிடுவதால், வானத்தோடு சேர்ந்து திரும்பும் தாங்கியைச் சரியாக நிறுத்துவது இங்கே சிரமம். மழை, மேகம், சில வருஷங்களில் புகைமூட்டம் ஆகியவையும் உண்டு. தெற்கே கோலாலம்பூரின் வெளிச்சம் அடிவானத்தை வெளுக்கச் செய்கிறது. மெகலன் மேகங்கள் என்னும் இரு பக்கத்து மண்டலங்கள் அத்திசையில் தாழ்வாகவே எழுவதால், அந்த வெளிச்சத்தில் அமிழ்ந்துவிடுகின்றன.

இருட்டு நாட்களை அறிய வேறு பஞ்சாங்கம் தேட வேண்டியதில்லை. நமது கடையில் தொங்கும் ஹிஜ்ரி நாட்காட்டியே போதும். மாதத்தின் 26-க்கு மேல் அடுத்த மாதம் 4 வரையில் இரவின் பெரும்பகுதி நிலவு இராது. அந்த நாட்களே படத்துக்கு உகந்தவை.

கலப்படம் கூடாது

படத்தைக் கம்ப்யூட்டரில் பிரகாசமாக்குவது மோசடியாகாதா என்று பையனிடம் கேட்டோம். அவன் சொன்ன பதில் நமக்குப் பிடித்திருந்தது. வந்து விழுந்த ஒளியை மேலே தூக்கிக் காட்டுவது, அரிசியைப் புடைத்துக் கல் நீக்குவது போன்றது. வராத நிறத்தைப் பூசுவதும், வேறொருவர் படத்திலிருந்து வெட்டி ஒட்டுவதும், அரிசியில் கல்லைக் கலப்பது போன்றது. எத்தனை படம், எத்தனை செகண்டு, எந்த இடம், எந்த நாள் என்று ஒவ்வொரு படத்தின் கீழும் அவன் எழுதி வைக்கிறான். சரக்கின் மேல் எடையும் விலையும் எழுதி ஒட்டும் கடைக்காரனின் பிள்ளை அல்லவா!

நமது பங்கு

அன்றிரவு நாம் ஊருக்குத் திரும்பும்போது, தூரத்திலிருந்தே நகரத்தின் மேல் ஒரு வெளிச்சப் படலம் தெரிந்தது. கிட்ட வர வர, அதில் நமது கடைத் தெருவின் பங்கும் தெரிந்தது. நமது கடையின் பெயர்ப் பலகை இரவு முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. கடை சாத்திய பிறகு ஒரு வாடிக்கைக்காரரும் வராத தெருவில், பாதி வெளிச்சம் வானத்தை நோக்கி வீணே போய்க்கொண்டிருந்தது. அதற்கும் மாதாமாதம் நாமே காசு கட்டி வந்தோம். பையன் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பல மாதங்களாக அந்த வெளிச்சத்துக்குத் தப்பித்தான் தோட்டத்துக்குப் போய் வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

மறுநாளே பலகைக்கு நேரக் கருவி பொருத்தினோம். கடை சாத்தி அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். பின்கட்டு விளக்குக்கு மேல்மூடி போட்டு, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி செய்தோம். திருட்டுப் பயத்துக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. மின்சாரச் செலவும் குறைந்தது. பக்கத்துக் கடைக்காரர் இருவர் கேட்டுத் தெரிந்துகொண்டு அவ்வாறே செய்திருக்கிறார்கள். மற்ற ஊர்களிலுள்ள சகோதரர்களும் தத்தம் பலகைகளைக் கவனிப்பார்களாக.

வானத்தோடு திரும்பும் தாங்கி ஒன்று வேண்டும் என்று பையனுக்கு நெடுநாள் ஆசை. பாதி விலை அவன் சம்பளத்திலிருந்தும், பாதி நமது கையிலிருந்தும் என்று பேசி முடித்திருக்கிறோம். அந்த ஓரியன் படத்தை இப்போது கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறோம். சரக்கு வாங்க வருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். பதில் சொல்வது அவன் வேலை.

வீட்டில் பிள்ளைகள் இரவில் எங்கே போகிறார்கள் என்று விசாரிப்பது பெரியவர்களின் கடமைதான். ஆனால் தீர்ப்புச் சொல்வதற்கு முன், ஒரு தரம் கூடவே போய்ப் பார்த்துவிடுவது நல்லது. நாம் பிந்திச் செய்தோம். நீங்கள் முந்திச் செய்யுங்கள்.